காலர் இல்லாத ஸ்லீவ்

தேநீருக்கு நன்றி, ஐயா. சர்க்கரை சற்றுக் கூடுதலாக இருக்கிறது. ஆனாலும் அந்தக் காவலர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து வைத்ததைப் பார்த்தபின் அதைச் சொல்ல மனம் வரவில்லை. குடித்துவிடுகிறேன்.

வெள்ளாற்றுப் பாலத்துக்கு அருகே நடந்த விபத்தைப் பற்றி, பொறியியல் கற்பிப்பவன் என்ற முறையில் என் கருத்தைக் கேட்க வரவழைத்திருக்கிறீர்கள். மேசைமேல் இருக்கும் இந்த இரும்புக் குழாய் எதற்கானது, அது ஏன் தன் இடத்தைவிட்டு இறங்கியது, லேத் பட்டறை வைத்திருக்கும் சின்னையன் அண்ணனின் பிழையா என்பவை தங்கள் கேள்விகள். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வரும்போது பார்த்தேன். "நீங்க வந்துட்டீங்கல்ல சார், இனிமே எனக்கு பயமில்ல" என்றார். நான் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

இதற்கு ஸ்லீவ் என்று பெயர். இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுவதற்குத் துளைகள் உண்டு. அலுமினியத்தில் வார்த்த இன்ஜின் உடலில், அதாவது பிளாக்கில், அந்தத் துளை வெகு சீக்கிரம் தேய்ந்துபோகும். ஆகவே உள்ளே இரும்பில் ஓர் உறை இறக்கியிருப்பார்கள். உறை விரிசல் கண்டால் கடைந்து எடுத்துவிட்டு வேறொன்று இறக்கலாம். சாதாரணக் காருக்கு எந்த ஸ்லீவ் போட்டாலும் காலம் ஓடிவிடும். டர்போ வைத்து, பந்தயத்துக்காக முடுக்கிவிட்ட இன்ஜினுக்கு அப்படி அல்ல. அங்கே தேர்வு முக்கியம். தேர்ந்தெடுத்தவன் நான்தான்.

என் பெயர் தேவநாதன். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் அளவியல் பாடம் எடுக்கிறேன். அண்ணாமலை நகரில் தனியாக, வாடகை வீட்டில் இருக்கிறேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் மறைந்தபின் தங்கை இளவரசியைப் படிக்க வைத்து, கடலூரில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் கம்பெனி வைத்திருக்கிற சிலம்பரசனுக்குக் கட்டிக்கொடுத்தேன். விபத்தில் சிக்கிய காரும் அவருடையதுதான்.

மாப்பிள்ளை நல்லவர். இதை முதலிலேயே குறித்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு டைபாய்டு வந்தபோது மாடியிலிருந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கியவர் அவர். என்னைக் கூட்டமாக இருக்கும் இடத்தில் தேடிப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். அந்தப் பிரியத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் வந்து என்னைக் காரில் அழைத்துக்கொண்டு போவதும் அந்தப் பிரியத்தினால்தான்.

தாங்கள் அந்தக் காரில் உட்கார்ந்து பார்த்ததில்லை. வெளியே பார்த்தால் ஜப்பான்காரன் செய்த ஒரு பழைய கார், அவ்வளவுதான். உள்ளே இருக்கை ஒரு தொட்டி மாதிரி இருக்கும். உட்கார்ந்தால் இடுப்பு அசையாது. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு என்று பட்டைகள் வந்து வயிற்றின்மேல் ஒரு பூட்டில் சேரும். மாப்பிள்ளையே குனிந்து அந்தப் பூட்டைப் போடுவார். அவரே கழற்றிவிடும் வரை நான் அதைத் தொடுவதில்லை. கடலூர் சாலையில் ஏறியபின் அவர் காலை அழுத்துவார். அப்போது முதுகெலும்பு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும், மூச்சை உள்ளே இழுக்க முடியாது, பக்கத்தில் போகும் லாரிகள் பின்னால் ஓடுவதுபோல் இருக்கும். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

"என்னா மச்சான், சாமிய கூப்புடுறீங்களா? அவரு இந்த ஸ்பீடுக்கு வரமாட்டாரு" என்பார். ஒரு கையால் போனில் என்னைப் படம் எடுப்பார். அது குடும்பத்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும்.

புதுச்சத்திரம் தாண்டிய நேர்சாலையில் ஒருமுறை என் உடம்பு என் சொல்லைக் கேட்கவில்லை. மன்னிக்க வேண்டும், இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வேட்டி நனைந்துவிட்டது. மாப்பிள்ளை ஒரு சொல் கடுமையாகப் பேசவில்லை. அடுத்த ஞாயிறு இருக்கையின்மேல் நீலப் பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தது. ஐஸ் கம்பெனியில் மீன் பெட்டிக்கு அடியில் போடுகிற தாள். "கூச்சப்படாதீங்க மச்சான், நமக்குள்ள என்னா இருக்குது" என்றார். அதற்கப்புறம் அந்தத் தாள் எப்போதும் இருந்தது. உறவில் ஒரு காதணி விழாவுக்குப் போனபோது, பந்தியில் என் நாற்காலிமேல் யாரோ ஒரு நீலத் தாளை விரித்து வைத்திருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாளின்மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். எடுத்துப்போட்டால் வைத்தவர் மனம் சங்கடப்படுமே என்று நினைத்தேன்.

வரமாட்டேன் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இளவரசியும் அதைத்தான் கேட்டாள். "அண்ணே, அவுரு ஆசையா கூப்புடுறாரு. உங்களுக்குப் புடிக்கலன்னா ஒரு வார்த்த சொல்லுங்க, உட்டுடுவாரு. மனசுல ஒண்ணும் வச்சிக்கமாட்டாரு." அவள் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவர் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்வது எனக்குப் பழக்கமில்லை. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிடுவேன். கடையில் எடுத்துக் காட்டிய சட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

சென்ற ஐப்பசி மழையில் அந்த இன்ஜினின் ஸ்லீவ் விரிசல் விட்டது. இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர் உள்ளே புகுந்து புகை வெள்ளையாக வந்தது. காரை ஷெட்டில் ஏற்றி, இன்ஜினை இறக்கிப் போட்டார்கள். அந்தச் சில மாதங்கள் எனக்கு வாய்த்த மிகச் சிறந்த காலம் என்று தயங்காமல் சொல்வேன். ஞாயிறு காலையில் எழுந்து வேட்டி துவைப்பேன். இட்லி வாங்கிவந்து வானொலி கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன். தெருவில் ஒரு கார் சத்தம் கேட்டால் எடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிடுவேன். அது வேறு கார் என்று தெரிந்ததும் மறுபடி எடுப்பேன். அந்த நிம்மதிக்காகவே சில சமயம் ஜன்னலோரம் நின்றிருக்கிறேன்.

தை பிறந்ததும் மாப்பிள்ளை என்னைக் கடலூர் முதுநகருக்கு, சின்னையன் அண்ணன் பட்டறைக்கு அழைத்துப்போனார். மேசைமேல் இரண்டு வகை ஸ்லீவ் இருந்தன.

"காலர் உள்ளது கோயம்புத்தூர்லேருந்து வந்துருக்கு சார்" என்றார் சின்னையன் அண்ணன். "வெயிட்டா இருக்குது. காலர் இல்லாததுன்னா நம்ம கிட்டயே கடைஞ்சிக்கலாம். எதப் போடறதுன்னு நீங்க சொல்லுங்க."

காலர் என்பது ஸ்லீவின் மேல்விளிம்பில் வளையமாக நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. பிளாக்கில் ஒரு படி வெட்டி, அதன்மேல் காலரை உட்கார வைப்பார்கள். மேலே ஹெட் என்கிற மூடி வந்து அமுக்கிக்கொள்ளும். எவ்வளவு சூடானாலும் அது கீழே இறங்க வழியே இல்லை. காலர் இல்லாத ஸ்லீவ் வெறும் பிடிமானத்தில் நிற்பது. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும், துளை பெரிதாகும், பிடி தளரும். மெதுவாக ஓட்டுகிற வரைக்கும் தெரியாது. முழு வேகத்தில், முழுச் சூட்டில், அது நழுவும்.

"மச்சான் சொல்றதுதான் பைனல்" என்றார் மாப்பிள்ளை. "நமக்கு ஓட்டத்தான் தெரியும். அவரு அளக்குறவரு."

"காலர் வைக்கணும்னா மேல படி வெட்டணும் மாப்ள" என்றேன். "அங்க சுவரு ஏற்கெனவே மெல்லிசு. வெட்டுனா வீக்காயிடும். காலர் இல்லாததே இருக்கட்டுமே."

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். படி வெட்டினால் சுவர் மெலியும் என்பது உண்மை. அதனால் எந்தக் கெடுதலும் வராது என்பதும் உண்மை. இரண்டாவதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அடுத்தது அளவு. பிளாக்கை எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துவரச் செய்து, குளிர்சாதன அறையில் நாள் முழுக்க வைத்திருந்து, துளையை அளந்தேன். ஸ்லீவை மட்டும் பட்டறையில், தகரக் கூரையின்கீழ், கடைசல் முடிந்த சூட்டோடு அளந்தேன். முதல் பருவத்து மாணவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பது, சேர வேண்டிய இரண்டு பொருளையும் ஒரே வெப்பத்தில் அளக்க வேண்டும் என்பது. சூடான இரும்பு தன்னைப் பெரிதாகக் காட்டும். ஆறினால் சுருங்கிவிடும்.

"ஆறட்டுமா சார்?" என்று சின்னையன் அண்ணன் கேட்டார்.

"பரவாயில்லண்ணே. நான் கணக்குல சேத்துக்கறேன்" என்றேன்.

சேர்த்துக்கொள்ளவில்லை. தாங்கள் கேட்ட கேள்விக்கு இதுவே விடை. சின்னையன் அண்ணனின் பிழை எதுவும் இல்லை. அவரைத் தயவுசெய்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

ஸ்லீவை இறக்குகிற விதம் எங்கள் பக்கத்தில் கொஞ்சம் வேடிக்கையானது. பிளாக்கைச் சூடாக்கி விரிய வைக்க வேண்டும், ஸ்லீவைக் குளிரவைத்துச் சுருங்கச் செய்ய வேண்டும். அதற்குப் பெரிய ஊர்களில் தனி ஏற்பாடு உண்டு. முதுநகரில் பட்டறைக்குப் பக்கத்துப் பேக்கரியில் பன் வேக வைக்கிற அடுப்பு இருந்தது. குளிருக்கு, மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற பக்கிரி வந்தார். காளை விந்தைக் கெடாமல் வைக்க அவர் பைக்கில் கட்டிக்கொண்டு போகும் கேனில் திரவ நைட்ரஜன் இருக்கும்.

"எங்க ஆபீஸ்ல கேட்டா நாலு பசு சேந்தாப்ல பருவத்துக்கு வந்துடுச்சின்னு சொல்லிக்கறேன்" என்றார் பக்கிரி, வாளியில் ஊற்றிக்கொண்டே.

"கன்னுக்குட்டி போடாம இருந்தா சரி" என்றார் சின்னையன் அண்ணன்.

"போட்டா சீம்பாலு எனக்கு" என்றார் மாப்பிள்ளை.

பன் வாசனையோடு பிளாக் வந்தது. வெள்ளைப் புகைக்குள்ளிருந்து இடுக்கியால் எடுத்த ஸ்லீவைத் துளையின்மேல் வைத்தார்கள். அது தானாக உள்ளே போய், அடியில் முட்டுக்கொடுத்த தகட்டின்மேல் நின்றது. நான்கும் அப்படியே. "வெண்ண மாரி எறங்குது சார், உங்க அளவு அளவுதான்" என்று சின்னையன் அண்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிடி குறைவாக இருந்ததால்தான் அவ்வளவு சுலபமாக இறங்கியது. அது அங்கிருந்தவர்களுக்கு வேலைச் சுத்தமாகத் தெரிந்தது. எனக்குப் பன்னும் டீயும் வாங்கிக்கொடுத்தார்கள்.

புதிதாக ஸ்லீவ் போட்ட இன்ஜினைக் கொஞ்ச காலம் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். ரன்னிங்-இன் என்பார்கள். அந்த ஞாயிறுகளிலும் மாப்பிள்ளை வந்தார். அதே இருக்கை, அதே பூட்டு, அதே தாள். ஆனால் சைக்கிளில் போகிறவர்களின் முகம் தெரிகிற வேகம். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார். தேவனாம்பட்டினத்தில் படகுகள் கரையேறுவதைக் காட்டினார். ஒரு ஞாயிறு பரங்கிப்பேட்டை பிரிகிற இடத்தில் டீக்கடையில் நிறுத்தினார்.

"இந்த ஸ்பீடும் நல்லாத்தான் இருக்குது மச்சான், பேசிக்கினே போவலாம்" என்றார். பிறகு கண்ணாடி டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "வேகமா போனா உங்களுக்குப் புடிக்கலியா? மறைக்காம சொல்லுங்க. நான் எதுனா தப்பா பண்ணிட்டனா?" என்று கேட்டார்.

ஐயா, அவர் அப்படிக் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள" என்றேன்.

"அதான பாத்தன். அடுத்த ஞாயிறு ரன்னிங்-இன் முடியுது. நேரா புதுச்சத்திரம் ரோடுதான்" என்று முதுகில் தட்டினார்.

இன்ஜின் நின்றுபோகும், கார் மறுபடி ஷெட்டுக்குப் போகும், எனக்குச் சில மாத ஞாயிறுகள் கிடைக்கும் என்று மட்டுமே நினைத்தேன். இதைத்தான் தங்களிடம் சொல்வதாக முடிவு செய்துகொண்டு வந்தேன். ஆனால் சற்று முன்பு தாங்கள் இடையில் ஒன்று கேட்டீர்கள்: ஸ்லீவ் இறங்கி, பிஸ்டன் சிக்கிக்கொண்டு, ஓடுகிற ஓட்டத்திலேயே இன்ஜின் இறுகினால் முன்சக்கரங்கள் என்ன ஆகும் என்று. இந்தக் கேள்வியை நான் மாணவர்களுக்குத் தேர்வில் கேட்டிருக்கிறேன். அவை பூட்டிக்கொள்ளும். ஓட்டுநர் கிளட்சை மிதிப்பதற்குள் கார் அவர் கையில் இருக்காது. விடைத்தாள் திருத்தியவனுக்கு விடை தெரியாது என்று சொன்னால் தாங்கள் நம்ப மாட்டீர்கள். நான் சொல்லிப் பார்க்கவும் விரும்பவில்லை. தெரியும். மெதுவாக ஓட்டிய ஞாயிறுகளில் தைரியமாகப் போனதும், வேகமாக ஓட்டப்போகிற ஞாயிறுக்குக் காய்ச்சல் என்று போன் செய்ததும் அதனால்தான். வரமாட்டேன் என்று சொல்ல வராது. காய்ச்சல் என்று சொல்ல வரும்.

மாப்பிள்ளை இப்போது சிதம்பரத்தில் மருத்துவமனையில் இருக்கிறார். அந்தப் பட்டைகள் அவரைக் காப்பாற்றிவிட்டன. இரண்டு காலிலும் கட்டு. காலையிலிருந்து இரவு வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். "எங்கயும் போவாதீங்க மச்சான். எனக்கு இனிமே நீங்கதான்" என்கிறார். "சின்னையன் எங்கியோ கோட்ட உட்டுருக்கான், உங்க அளவுல தப்பு இருக்காது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அவர் தூங்கும்போதுகூட என்னால் கையை எடுக்க முடியவில்லை, எடுத்தால் விழித்துக்கொள்கிறார். தங்களிடமிருந்து அழைப்பு வந்தபோது, வெளியே சொல்லக் கூடாதுதான், எனக்கு நிம்மதியாக இருந்தது. காவல் நிலையம் கூப்பிடுகிறது என்றால் யாரும் என்னைப் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். இங்கேயே இருக்கச் சொன்னாலும் எனக்கு மறுப்பு இல்லை.

இளவரசியைப் பற்றித் தாங்கள் இன்னும் கேட்கவில்லை. என் மனம் நோகும் என்று தள்ளிப்போடுகிறீர்கள் போலும். தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு அவளும் அன்று காலை காரிலேயே வந்துவிட்டாள். கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தாள், தொட்டுக்கொள்ள நெல்லிக்காய் ஊறுகாயும். நான் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"சூடே இல்லியேண்ணே."

"உள்காய்ச்சல்" என்றேன்.

வாசலில் மாப்பிள்ளை நின்றார். "வர்ற வழியெல்லாம் மாட்டுவண்டி மாரி வந்தன் மச்சான், இவ பக்கத்துல இருந்ததால. ரன்னிங்-இன்னும் முடிஞ்சிபோச்சி. இன்னிக்கின்னு பாத்து படுத்துட்டீங்களே."

இளவரசி என் பக்கத்தில் குனிந்து, அவருக்குக் கேட்காமல் பேசினாள். "உங்களுக்குக் காய்ச்சல் இல்லன்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்லமாட்டீங்க. திரும்பறப்ப அவர வேகமா ஓட்டச் சொல்லி நானே ஒக்காந்து பாக்கறேன். அப்படி பயமாத்தான் இருந்துச்சின்னா இன்னியோட நிறுத்தச் சொல்லிடறேன். இனிமே எங்கண்ணன இந்தக் கார்ல ஏத்தக் கூடாதுன்னு சொல்றேன். செரியா?"

என் தங்கை எனக்காக அப்படிச் சொன்னாள் என்பதை எழுத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவளைப்போல் ஒரு தங்கை கிடைக்கமாட்டாள்.

அவள் போய் அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். புடவையோடு அந்தப் பட்டைகளை மாட்ட வராது என்று மாப்பிள்ளை சொல்ல, இடுப்புப் பட்டையை மட்டும் போட்டுக்கொண்டாள். பாலத்தருகே அது அவளைக் காப்பாற்றப் போதவில்லை. நான் போர்வையோடு எழுந்து வாசல்வரை வந்திருந்தேன். இன்ஜின் ஓடத் தொடங்கியது. நல்ல சத்தம்தான், தட்டல் எதுவும் இல்லை. கார் தெருவில் நகர்ந்தது. கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கிளம்பிப் போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். அப்படிக் கூப்பிட்டு அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று எனக்குப் பயமாக இருந்தது.

தெருமுனையில் கார் ஒரு நொடி நின்றது. அவள் தலையை வெளியே நீட்டி, "கஞ்சிய ஆறவுடாதீங்கண்ணே" என்றாள். நான் தலையசைத்தேன்.

அவர்கள் வெள்ளாற்றுப் பாலத்தை நெருங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் எண்ணும் என் போனில் இருந்தது. நான் உள்ளே வந்து உட்கார்ந்து, அவள் கொண்டுவந்த கஞ்சி முழுவதையும் சூடு ஆறுவதற்குள் குடித்து முடித்தேன். மிச்சம் வைத்தால் இளவரசி வருத்தப்படுவாள்.